எழுவாய் இல்லாத அறிக்கைகள்

2025 ஜூலை 3 காலையில் கோட்டயம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பழைய கட்டடம் ஒன்றில் கழிவறைப் பகுதி இடிந்து விழுந்தது. புழக்கத்தில் இல்லாத கட்டடம், உள்ளே யாரும் சிக்கியிருக்க வாய்ப்பில்லை என்றுதான் அங்கு வந்த அமைச்சர்கள் முதலில் சொன்னார்கள். இரண்டு மணி நேரத்துக்கும் மேல் கழிந்தபின் இடிபாடுகளுக்கு அடியிலிருந்து ஒரு பெண்ணின் உடல் எடுக்கப்பட்டது. மகளின் சிகிச்சைக்குத் துணையாக வந்தவர், குளிக்கப் போயிருக்கிறார். அந்தக் கட்டடம் பாதுகாப்பற்றது என்று பொதுப்பணித்துறை 2013-லேயே அறிக்கை கொடுத்திருந்தது.

கட்டடம் எப்படி இருக்கிறது என்பது பன்னிரண்டு ஆண்டுகளாகத் தெரிந்திருந்தது. அதற்குள் யார் போய்வருகிறார்கள் என்பது அன்று காலைகூடத் தெரியவில்லை. நம் நாட்டில் கட்டட நிலை ஆய்வு என்ற வழக்கத்தின் பலமும் பலவீனமும் இந்த இரண்டு வாக்கியங்களுக்குள் அடங்கிவிடும்.

கோட்டயத்துக்குப் பிறகு, அரசு மருத்துவமனைகளிலும் பள்ளிகளிலும் உள்ள ஆபத்தான கட்டடங்களைப் பட்டியலிடும்படி திருவனந்தபுரத்திலிருந்து உத்தரவு போனது. அதற்கான பதில்களும் அங்கேதான் வந்து சேரும், 1869-ல் கட்டி முடித்த தலைமைச் செயலகக் கட்டடத்துக்கு. இன்னும் ஒரு கட்டு அறிக்கைகளால் என்ன மாறும் என்று கேட்பதற்கு முன், இந்த ஆய்வு எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று பார்ப்பது நியாயம்.

முதலில் அதன் பலம். வெறும் கண்ணுக்குத் தெரியாததை இந்த ஆய்வு வெளியே கொண்டுவருகிறது. புதிதாக உடைத்த கான்கிரீட்டின் மேல் பினாப்தலீன் கரைசலைத் தெளித்தால், காரத்தன்மை குறையாத பகுதி இளஞ்சிவப்பாக மாறும். காற்றிலுள்ள கரியமில வாயு புகுந்து காரத்தன்மையை இழந்த பகுதி நிறம் மாறாமல் நிற்கும். நிறம் மாறாத அந்தப் பட்டை உள்ளே இருக்கும் கம்பியைத் தொட்டுவிட்டது என்றால், துருவுக்குக் கதவு திறந்துவிட்டது என்று பொருள். திருவனந்தபுரத்தின் சங்குமுகம், வலியதுறை போன்ற கடலோரப் பகுதிகளில் உப்பும் சேர்ந்துகொள்வதால் அந்தக் கதவு இன்னும் சீக்கிரம் திறக்கும். துருப்பிடித்த கம்பி பருத்து, மேலே உள்ள கான்கிரீட்டைத் தள்ளி உதிர்க்கும். அது கண்ணில் படுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே சொல்லிவிடக்கூடியது இந்தச் சோதனை.

ஆய்வு சொன்னதைக் கேட்டு நடந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கொச்சியில் சான்று உண்டு. 2016-ல் திறந்த பாலாரிவட்டம் மேம்பாலம் மூன்றே ஆண்டுகளில் மூடப்பட்டது. சென்னை ஐஐடி நிபுணர்கள் சோதித்தார்கள், மெட்ரோ ரயில் பொறியாளர் இ. ஸ்ரீதரன் பார்த்துக் கருத்துச் சொன்னார், வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. இறுதியில் மேல்பகுதியை இடித்துக் கட்டி 2021 மார்ச்சில் மறுபடியும் திறந்தார்கள். பணம் வீணானது, உயிர் வீணாகவில்லை.

இனி குறைகள். முதல் குறை, கருவிகள் தரும் எண்களின் மேல் நமக்குள்ள அளவுகடந்த நம்பிக்கை. ஆய்வாளர்கள் அதிகம் கையில் எடுப்பது ரீபவுண்டு ஹேமர் என்ற சிறு சுத்தியல். எடுத்துப்போக எளிது, செலவும் குறைவு. ஆனால் அது சொல்லும் வலிமை 25 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கலாம் என்று இந்தியத் தர நிர்ணய ஆவணமே எச்சரித்திருக்கிறது. 20 என்று காட்டினால் உண்மை 15 ஆகவும் இருக்கலாம், 25 ஆகவும் இருக்கலாம். தூணைத் துளையிட்டு உருளைத் துண்டு எடுத்து நசுக்கிப் பார்ப்பதே உறுதியான வழி. அதற்குச் செலவும் அனுமதியும் வேண்டும் என்பதால் பல நேரங்களில் தவிர்க்கப்படுகிறது. திருவனந்தபுரத்தில் 1880-ல் கட்டிய நேப்பியர் அருங்காட்சியகம் போன்ற கட்டடங்களில் இந்தச் சுத்தியலுக்கு வேலையே இல்லை, அது கான்கிரீட்டுக்காகச் செய்யப்பட்டது. சுண்ணாம்புக் காரையையும் பழைய மரத்தையும் படிக்க அந்த வேலை தெரிந்த கொத்தனாரும் தச்சரும் வேண்டும். அவர்களுடைய சொல்லுக்கு அறிக்கையில் பத்தி கிடையாது.

இரண்டாவது குறை பருவம். கேரளப் பள்ளிகள் ஜூன் தொடக்கத்தில் திறக்கின்றன. அதற்குமுன் ஒவ்வொரு பள்ளியும் உள்ளாட்சிப் பொறியாளரிடம் கட்டட உறுதிச் சான்று வாங்கியாக வேண்டும். ஏற்பாடு நல்லதுதான். ஆனால் பார்வையிடும் வேலை பெரும்பாலும் கோடையில் விழுகிறது. ஓடு எங்கே ஒழுகுகிறது, சுவர் எந்த இடத்தில் நீரை உறிஞ்சுகிறது என்பதெல்லாம் ஜூலை மழையில்தான் தெரியும். தென்மேற்கும் வடகிழக்கும் ஆக இரண்டு பருவமழை வாங்கும் திருவனந்தபுரத்தில், காய்ந்த சுவரைப் பார்த்துக் கொடுக்கும் சான்று பாதிச் சான்றுதான்.

மூன்றாவது குறை எல்லை. 2025 ஜூலை 17 அன்று கொல்லம் மாவட்டம் தேவலக்கரையில் ஒரு பள்ளி மாணவன் சைக்கிள் கொட்டகையின் மேல் விழுந்த செருப்பை எடுக்க ஏறி, தாழ்வாகப் போன மின்கம்பியில் பட்டு இறந்தான். அங்கே எந்தத் தூணும் சாயவில்லை, எந்தக் கூரையும் விழவில்லை. கம்பி மின்வாரியத்துடையது, கொட்டகை பள்ளியுடையது, சான்று பஞ்சாயத்துடையது. தூணையும் உத்தரத்தையும் பார்க்கப் பழகிய கண், இந்த மூன்றுக்கும் நடுவில் ஏறி இறங்கும் ஒரு பையனைப் பார்ப்பதில்லை.

நான்காவது குறைதான் மற்ற மூன்றையும்விடப் பெரியது. அது அறிக்கையின் மொழியில் இருக்கிறது. 'இடிக்கப்பட வேண்டும்', 'பலப்படுத்தப்பட வேண்டும்', 'பயன்பாடு தவிர்க்கப்பட வேண்டும்' என்று அறிக்கைகள் செயப்பாட்டு வினையிலேயே முடிகின்றன. யாரால், எந்தத் தேதிக்குள், யாருடைய பணத்தில் என்று தேடினால் எழுவாய் கிடைக்காது. எழுவாய் இல்லாத வாக்கியம் யாருடைய மேசையிலும் நிற்காது. பொறியாளர் எழுதிவிட்டார், அவர் கடமை முடிந்தது. மருத்துவமனைக்குப் புதிய இடம் தயாராகவில்லை, அதனால் காலி செய்யவில்லை. துறைக்கு நிதி வரவில்லை, அதனால் கட்டவில்லை. எல்லாரும் சரியாகவே நடந்துகொள்கிறார்கள், கட்டடம் மட்டும் தவறிவிடுகிறது.

இது நம் அலுவலகங்களுக்கு மட்டும் உரிய நோய் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் சர்ஃப்சைடு என்ற கடற்கரை ஊரின் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் பெரிய கட்டுமானச் சேதம் இருப்பதாக 2018-லேயே ஒரு பொறியாளர் எழுதினார். செலவை யார் ஏற்பது என்று வீட்டுக்காரர்கள் ஆண்டுக்கணக்கில் வாதாடினார்கள். 2021 ஜூன் 24 அன்று அது சரிந்தது. 98 பேர் இறந்தார்கள்.

பொறியாளர் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. அவர் கட்டடத்துக்கு மருத்துவர், உரிமையாளர் இல்லை. யார் காலி செய்ய வேண்டும் என்று எழுத அவருக்கு அதிகாரம் இல்லை. வலுவான சொல்லை எழுதி, கட்டடம் மேலும் இருபது ஆண்டு நின்றுவிட்டால், பீதியைக் கிளப்பியவர் என்ற பெயர்தான் மிஞ்சும். அதனாலேயே சொற்கள் மென்மையாகின்றன. ஆனால் மருத்துவர்கூட 'அறுவை செய்யப்பட வேண்டும்' என்று எழுதிவிட்டு எழுந்து போவதில்லை. எந்த மருத்துவமனை, எந்த நாள் என்று சொல்லித்தான் அனுப்புகிறார்.

எழுவாயோடு எழுத முடியும் என்பதற்கும் கேரளத்திலேயே சான்று உண்டு. கொச்சியில் படைவீரர்களுக்காக இராணுவ நல வீட்டுவசதி நிறுவனம் கட்டிய சந்தர்குஞ்ச் குடியிருப்பின் இரண்டு கோபுரங்களை இடிக்க 2025 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த நிறுவனமே திரும்பக் கட்டித்தர வேண்டும், அதுவரை குடியிருப்போருக்கு மாத வாடகையும் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னது. யார் செய்வது, யார் பணம் தருவது, குடும்பங்கள் எங்கே தங்குவது என்ற மூன்று கேள்விகளுக்கும் அதில் பதில் இருந்தது. ஆனால் இதற்கு நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது என்பதே ஆய்வு அறிக்கைகளின் மேல் ஒரு விமர்சனம்.

இன்னும் எளிய உதாரணம் வலியதுறை. 1947-ல் கப்பல் மோதிப் பழைய கடல்பாலம் சிதைந்தபின் 1956-ல் கட்டியது இப்போதைய பாலம். 2021 மே மாதக் கடல் சீற்றத்தில் அது சாய்ந்தது. சாய்வைக் காண எந்தக் கருவியும் வேண்டியிருக்கவில்லை. ஆட்கள் ஏறாமல் வாயிலை அடைத்தார்கள். 2024 மார்ச்சில் பாலம் இரண்டாகப் பிளந்தது, யாரும் சாகவில்லை. பழுதுபார்க்காமல் விட்டது தவறு. ஆனாலும் உயிரைக் காத்தது அந்த அடைப்புதான். சென்னைத் திருவொற்றியூரில் 2021 டிசம்பரில் குடியிருப்பு வாரியத்தின் 24 வீடுகள் சரிந்தபோதும் இதுவே நடந்தது. விரிசலைப் பார்த்த குடியிருப்பாளர்களே ஒருவரை ஒருவர் எச்சரித்து வெளியேறியதால் அனைவரும் பிழைத்தார்கள்.

ஆக, ஆய்வு வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. அதன் அறிவியல் குறைகளோடும் பயனுள்ளது. திருத்த வேண்டியது அதன் முதல் பக்கத்தை. உள்ளே அன்றாடம் எத்தனை பேர், எந்த வேலைக்காக வருகிறார்கள் என்று அங்கே எழுத வேண்டும். இன்றே மூட வேண்டிய இடம் எது, மூட வேண்டிய அதிகாரி யார் என்று பதவியைச் சொல்லி எழுத வேண்டும். அந்த அதிகாரி எத்தனை நாளில் பதில் தர வேண்டும், தராவிட்டால் அடுத்து யாருக்குப் போகும் என்பதும் வேண்டும். மழைக்காலத்தில் இரண்டாவது பார்வையைக் கட்டாயமாக்க வேண்டும். அந்த முதல் பக்கத்தைக் கட்டட வாசலில், வருகிறவர்கள் படிக்கும் மொழிகளில் ஒட்ட வேண்டும். பழுதுபார்க்கக் கோடிகள் தேவைப்படலாம், இதற்குக் கொஞ்சம் பசை போதும்.

'குளியலறை, கழிவறைகளைக் கண்காணிப்பாளர் இன்று மாலைக்குள் பூட்ட வேண்டும்' என்ற ஒரு வரிக்கு நிதி ஒதுக்கீடு தேவையில்லை. 2013-க்கும் 2025-க்கும் இடையில் எந்த நாளிலும் அதை எழுதியிருக்கலாம்.