பன்னீர் திராட்சைக்கு ஒரு மடை

உத்தமபாளையத்தில் உட்கார்ந்து ஏலக்காயும் மிளகும் திராட்சையும் விற்கிறவனுக்கு வூகாமர்ஸ் மாதிரி ஒரு மென்பொருள் வாய்ப்பது பாக்கியம். கூட்டிச் சொல்லவில்லை. என் ஆன்லைன் கடை முழுக்க அதில்தான் ஓடுகிறது. அதன் அமைப்புப் பக்கத்தைத் திறக்கிறபோதெல்லாம், இதை எழுதி ஊருக்கே பொதுவாக விட்டவர்களைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும்.

வேர்ட்பிரஸ் எழுதுகிறவர்களுக்காகப் பிறந்தது. கட்டுரை, படம், பக்கம் எல்லாவற்றையும் அடுக்கி வெளியிடும் உள்ளடக்க மேலாண்மை மென்பொருள். அதற்குள் கடை திறந்து கொடுக்கும் செருகுநிரல்தான் வூகாமர்ஸ். 2010இல் வந்த வேர்ட்பிரஸ் 3.0, கட்டுரை தவிர நமக்கு வேண்டிய வேறு வகைப் பதிவுகளையும் சுலபமாக உருவாக்க வழி செய்தது. வூகாமர்ஸ் அந்த வழியில் வந்து, ‘பொருள்’ என்பதையும் ஒரு பதிவாக்கிவிட்டது. என் கொண்டாட்டம் முழுக்க இந்த இடத்தில்தான் இருக்கிறது. கடையும் எழுத்தும் ஒரே கூரைக்குள் வந்துவிட்டன!

ஏலக்காயையே எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு மில்லிமீட்டர் காய்க்கும் ஏழு மில்லிமீட்டர் காய்க்கும் ஏன் விலை வேறு என்று சென்னைக்காரருக்கு யார் சொல்வது? என் கடையில் நானே சொல்கிறேன். மலையில் எப்படிப் பறிக்கிறார்கள், பச்சைக் காய் ஏறக்குறைய ஐந்து கிலோ காய்ந்தால்தான் ஒரு கிலோ தேறும் என்பது ஏன், ஸ்டோர் என்கிற உலர்த்தும் கூடத்தில் உலர்த்தி எடுத்ததை எப்படிக் காம்பு போகத் தேய்த்துச் சலித்து ரகம் பிரிக்கிறார்கள் என்று எல்லாவற்றையும் படத்தோடு எழுதியிருக்கிறேன். அதற்குக் கீழேயே ஐம்பது கிராம், நூறு கிராம், கால் கிலோ என்று தேர்ந்தெடுக்கும் பெட்டி. படித்துக்கொண்டே வருகிறவர் அங்கேயே வாங்கிவிடுகிறார். எங்கள் மலைச் சரக்கைப் பற்றி இவ்வளவு பேச வேறு எந்தச் சந்தையில் இடம் தருவார்கள்?

விலை மாற்றுவது இன்னும் அழகு. போடியில் ஸ்பைசஸ் போர்டின் மின்னேலம் நடக்கிறது. ஏலக்காய் விலை ஏறும், இறங்கும், ஒரு நிலையில் நிற்காது. 2017இல் வந்த 3.1 பதிப்பிலிருந்து சிஎஸ்வி கோப்பு வழியாகப் பொருள்களை ஏற்றி இறக்கும் வசதி வூகாமர்ஸுக்குள்ளேயே இருக்கிறது. கடையின் முழுச் சரக்குப் பட்டியலையும் இறக்கி, எக்செல்லில் விலைப் பத்தியை மட்டும் திருத்தி, திரும்ப ஏற்றினால் முடிந்தது. காபி ஆறுவதற்குள் எல்லா ரகத்துக்கும் எல்லா எடைக்கும் புது விலை!

ஆனால் நான் உருகிப்போனது பன்னீர் திராட்சை விஷயத்தில். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டி, காமயகவுண்டன்பட்டி என்று எந்தப் பக்கம் போனாலும் பந்தல்தான். ஆண்டு முழுக்க எங்காவது அறுவடை இருக்கும். பழமோ தோல் மெலிந்தது, சாறு நிறைந்தது. தொலைதூர கூரியரில் போனால் கூழாகிவிடும். ஏலக்காய் டெல்லிக்கும் போகலாம், திராட்சை தேனி மாவட்டத்தையும் மதுரையையும் தாண்டக்கூடாது. ஒரே கடையில் இதை எப்படிச் செய்வது?

வூகாமர்ஸில் அனுப்பும் மண்டலங்களைப் பின்கோடு வைத்தே வகுக்கலாம். 6255 என்று போட்டு ஒரு நட்சத்திரக் குறி வைத்தால் உத்தமபாளையம், கம்பம், சின்னமனூர், போடி, தேனி எல்லாம் உள்ளே வந்துவிடும். 6250 நட்சத்திரம் என்றால் மதுரை. பட்டியலில் மேலிருந்து கீழாகப் பார்த்து, வாங்குகிறவரின் முகவரி முதலில் எந்த மண்டலத்தில் பொருந்துகிறதோ அதையே எடுத்துக்கொள்ளும். மீதி வேலையை, நம் நிரலை மாட்டிக்கொள்ள மென்பொருளில் விட்டுவைத்திருக்கும் ‘கொக்கிகள்’ (hooks) பார்த்துக்கொள்ளும். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் விளைகிற ஊர்க்காரனுக்கு எளிதாகப் புரிகிற விஷயம் இது: கரையை உடைக்காமல், வேண்டிய இடத்தில் மடை திறந்து தண்ணீர் பாய்ச்சிக்கொள்வது. மென்பொருளின் மூல நிரலைத் தொடவே வேண்டாம். ‘வூகாமர்ஸ்_பேக்கேஜ்_ரேட்ஸ்’ என்ற கொக்கியில் சில வரிகள் எழுதினேன். கூடையில் திராட்சை இருந்து, முகவரி எங்கள் மண்டலத்துக்கு வெளியே இருந்தால், அனுப்பும் வழிகள் எல்லாம் மறைந்துவிடும். அந்த இடத்தில் வரும் செய்தியும் என் விருப்பம்: “இந்தப் பழம் உங்கள் ஊர் வரை தாங்காது. உலர்திராட்சை அனுப்பட்டுமா?” கோயம்புத்தூர் முகவரி போட்டு இது வேலை செய்வதைப் பார்த்தபோது கை தட்டிவிட்டேன்.

மென்பொருளை இப்படி நம் தேவைக்கு வளைத்துக்கொள்வது பரம்பரையாக வருகிற சுதந்திரம். பி2 என்ற பழைய மென்பொருளின் நிரலை எடுத்து 2003இல் மேட் முல்லன்வெக்கும் மைக் லிட்டிலும் வளர்த்தது வேர்ட்பிரஸ். ஜிகோஷாப் என்ற கடை மென்பொருளை எடுத்து, அதில் வேலை செய்த மைக் ஜாலியையும் ஜேம்ஸ் கோஸ்டரையும் சேர்த்துக்கொண்டு வூதீம்ஸ் நிறுவனம் 2011 செப்டம்பரில் வெளியிட்டது வூகாமர்ஸ். 2015இல் அது ஆட்டோமேட்டிக் நிறுவனத்தின் கைக்குப் போனது. கை மாறினாலும் உரிமம் அதே ஜிபிஎல்தான். யாரும் எடுக்கலாம், திருத்தலாம், பகிரலாம். வேர்ட்பிரஸ் போன்ற மற்ற மென்பொருள்களில் ஜூம்லாவுக்கு வர்ச்சூமார்ட், ட்ரூபலுக்கு ஊபர்கார்ட், ட்ரூபல் காமர்ஸ் என்று இந்தக் குடும்பத்தில் வேறு நல்ல பிள்ளைகளும் உண்டு. என் மனசு வூகாமர்ஸிடம் போய்விட்டது.

செலவு இல்லாமல் இல்லை. டொமைன், ஹோஸ்டிங் இரண்டுக்கும் ஆண்டுக்கு ஆண்டு கட்டவேண்டும். ஜிபே, போன்பே வழியாகப் பணம் வர பேமென்ட் கேட்வே நிறுவனம் ஒன்றோடு இணைக்கவேண்டும், அவர்களின் கமிஷன் தனி. உணவுப் பொருள் என்பதால் எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவோ உரிமமோ கட்டாயம். ஆனால் மென்பொருளுக்கு மாத வாடகை கிடையாது. வாடிக்கையாளர் பட்டியல், ஆர்டர்கள், எழுதிய கட்டுரைகள் எல்லாம் என் தரவுத்தளத்தில் இருக்கின்றன. ஹோஸ்டிங் பிடிக்கவில்லையா, கோப்புகளையும் தரவுத்தளத்தையும் நகலெடுத்துக்கொண்டு கடையை அப்படியே வேறு இடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். நான் மாற்றியிருக்கிறேன், ஒரு ஆர்டர்கூடத் தொலையவில்லை.

சின்னமனூரில் வாழைப்பழம் அனுப்புகிற தம்பி ஒருவர் என் திராட்சை ஏற்பாட்டைப் பார்த்துவிட்டு, “அண்ணே, இது எனக்கும் வேணுமே, எவ்வளவுண்ணே?” என்று கேட்டார். காசு எதுக்குப்பா என்று கோப்பை அப்படியே அனுப்பிவைத்தேன். அவர் அதில் திராட்சையை எடுத்துவிட்டு நாட்டு வாழையைப் போட்டார். பழம் எந்த நாளில் வந்து சேரவேண்டும் என்று வாங்குகிறவரே குறிக்கும் பெட்டி ஒன்றையும் சேர்த்தார். பிறகு அந்தக் கோப்பை எனக்கே திருப்பி அனுப்பினார். அந்தப் பெட்டி இப்போது என் கடையிலும் இருக்கிறது, திராட்சைக்காரர்கள் வெள்ளிக்கிழமையைத்தான் அதிகம் குறிக்கிறார்கள்.