மேற்கு வாசல் வழியாக...

சித்திரை மாதத்தில் நவக்கிரக யாத்திரை போகக் கூடாது என்று எந்தப் புராணத்திலாவது எழுதியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கும்பகோணத்தில் வாடகைக்கு எடுத்த கார், சூரியனார் கோயிலுக்குப் போகிற வழியில், திருவிடைமருதூரை நெருங்கும்போது சூடாக மூச்சு விட ஆரம்பித்தது. சூரியனைப் பார்க்கப் போகிறவர்களுக்கு முன்னோட்டம் போல.

''கேஸ் இறங்கிடுச்சு சார். இங்கயே ஒரு பட்டறை இருக்கு. அரை மணி நேரம்தான்'' என்றார் டிரைவர்.

பட்டறையில் ஒரு தம்பி. இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. கேஜை மாட்டிப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். வால்வை அழுத்தினார். 'புஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். மிச்சமிருந்த கேஸ் போய்விட்டது.

''எங்கேப்பா போச்சு அது?''

''காத்துல சார்.''

''லீக் எங்கேன்னு பார்க்கலையா?''

''பார்த்தா எல்லாத்தையும் கழட்டணும் சார். அரை நாள் ஆயிடும். நீங்க கோயிலுக்குப் போகணும்ல? இப்ப அடிச்சு விடுறேன், இந்த வெயிலுக்குத் தாங்கும். அடுத்த சித்திரைக்கு மறுபடி வாங்க.''

பொய்யே சொல்லாத மெக்கானிக்கை ரொம்ப நாள் கழித்துப் பார்த்ததில் எனக்கு அவரைப் பிடித்துப்போய்விட்டது. ஆனால், அந்த 'புஸ்' மட்டும் மனசை விட்டுப் போகவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

காரில் இருந்தது ஆர்-134ஏ என்கிற கேஸ். ஒரு கிலோ வெளியேறினால், நூறு வருஷக் கணக்கில், 1,430 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு செய்கிற சூட்டை அது செய்யும். தம்பி வெளியே விட்டது 200 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 286 கிலோவுக்குச் சமம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ. ஆக, அந்த ஒரு 'புஸ்', கிட்டத்தட்ட 124 லிட்டர் பெட்ரோல். இங்கிருந்து சென்னைக்கு மூன்று தடவை போய்த் திரும்பலாம். அதை இரண்டு விநாடியில் செய்து முடித்தார்.

நடவு வயலில் எந்நேரமும் தண்ணீர் நிற்பதால் மீத்தேன் வருகிறது, காயவிட்டுப் பாய்ச்சுங்கள் என்று டெல்டா விவசாயிக்குப் பாடம் எடுக்க ஆள் இருக்கிறது. வயலுக்குப் பக்கத்து ரோட்டில், பட்டறை வாசலில் கேட்கிற 'புஸ்'ஸுக்குப் பாடம் எடுக்கத்தான் யாரும் இல்லை.

*

அரை மணி நேரம் இருந்ததால் மகாலிங்க சுவாமி கோயிலுக்கு நடந்தேன்.

இந்தக் கோயிலின் கதை தஞ்சாவூர் ஜில்லாவில் எல்லோருக்கும் தெரியும். வரகுண பாண்டியனின் குதிரை, இருட்டில் தெரியாமல் ஓர் அந்தணரை மிதித்துக் கொன்றுவிடுகிறது. பிரம்மஹத்தி அவனைப் பிடித்துக்கொள்கிறது. இந்தக் கோயிலுக்கு வருகிறான். கிழக்கு வாசலில் நுழைகிறான். பிரம்மஹத்தியால் உள்ளே வர முடியவில்லை. வெளியே வரட்டும், பிடித்துக்கொள்ளலாம் என்று வாசலிலேயே உட்கார்ந்துவிடுகிறது. பாண்டியனோ இறைவன் சொன்னபடி மேற்கு வாசல் வழியாகப் போய்விடுகிறான். இன்றைக்கும் தோஷ நிவர்த்திக்கு வருகிறவர்கள் வந்த வழியே திரும்புவதில்லை.

பாண்டியனுக்குத் தோஷம் விட்டது, சரி. வாசலில் உட்கார்ந்ததற்கு என்ன ஆயிற்று என்று சின்ன வயதில் பாட்டியிடம் கேட்டிருக்கிறேன். ''அது அங்கேயேதான் உட்கார்ந்திண்டிருக்கு'' என்றாள்.

கார் ஏ.சி.யின் சரித்திரம் முழுக்க இந்தக் கதைதான். நாம் வாசல் மாற்றி வாசல் வெளியேறிக்கொண்டே இருக்கிறோம். ஒவ்வொரு வாசலிலும் ஒன்றை உட்கார வைத்துவிட்டு.

முதலில் ஆர்-12. 1920-களின் கடைசியில் தாமஸ் மிட்ஜ்லி என்ற அமெரிக்கரின் குழு கொண்டுவந்த குளோரோஃப்ளோரோகார்பன் வகை. எரியாது, விஷமில்லை, நாற்றமில்லை. (பெட்ரோலில் ஈயம் கலக்கலாம் என்று கண்டுபிடித்தவரும் இதே மிட்ஜ்லிதான். சிலருக்குக் கை ராசி அப்படி.) 1974-ல் ரோலண்ட், மோலினா என்ற இருவர், இது மேலே போய் ஓசோன் படலத்தைத் தின்கிறது என்றார்கள். தொழிற்சாலைக்காரர்கள் சிரித்தார்கள். 1987-ல் மான்ட்ரியல் ஒப்பந்தம் வந்தது. 1995-ல் அந்த இருவருக்கும் நோபல் பரிசு வந்தது. ரொம்பச் சிரித்தவர்களுக்கு மாற்று கேஸ் விற்கும் வியாபாரம் வந்தது.

அந்த மாற்றுதான் ஆர்-134ஏ. ஓசோனைத் தொடாது, பூமியைச் சூடாக்கும். இரண்டாவது வாசல்.

2006-ல் ஐரோப்பிய யூனியன் ஒரு சட்டம் போட்டது. கார் ஏ.சி. கேஸின் சூடாக்கும் திறன் 150-க்கு மேல் இருக்கக் கூடாது. 2011 முதல் புதிய மாடல்களுக்கு. 2017 முதல் எல்லாப் புதுக் கார்களுக்கும். உடனே ஹனிவெல்லும் டூபாண்ட்டும் ஆர்-1234ஒய்எஃப் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். சூடாக்கும் திறன் நாலுக்கு மேல் இல்லை. விலை மட்டும் பல மடங்கு. சுற்றிலும் பேட்டன்ட் வேலி. மூன்றாவது வாசல்.

இங்கே இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒன்று, இது லேசாக எரியும். 2012-ல் டைம்லர் கம்பெனி, விபத்து மாதிரி ஒரு சோதனை செய்து, சூடான இன்ஜின் மேல் இது கசிந்தபோது தீப்பிடித்தது என்று சொல்லி, அந்த கேஸே வேண்டாம் என்றது. எரியும்போது வருகிற ஹைட்ரஜன் ஃப்ளோரைடு சாதாரணப் புகை இல்லை. இரண்டாவது ஆசாமி சத்தம் போடாதவர். இந்த கேஸ் காற்றில் சில நாட்களில் சிதைந்து டிரைஃப்ளோரோ அசிட்டிக் அமிலமாகிறது. மழையோடு இறங்குகிறது. அப்புறம் சிதைவதே இல்லை. தண்ணீரில் தங்கும், பயிருக்குள்ளும் ஏறும். அளவு இன்றைக்குக் குறைவுதான். ஆனால், குறையவே தெரியாத ஒரு பொருளுக்குக் கூடத்தான் தெரியும். 2023 ஜனவரியில் ஜெர்மனி, நெதர்லாந்து, டென்மார்க், ஸ்வீடன், நார்வே ஐந்தும் சேர்ந்து, அழியாத ஃப்ளோரின் ரசாயனங்களைக் கட்டுப்படுத்த ஐரோப்பிய ரசாயன முகமையிடம் கொடுத்த யோசனையில் இந்த கேஸும் மாட்டிக்கொண்டது.

காவிரியின் கடைமடையில் இருக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மேலே எவன் எதைக் கலந்தாலும் கடைசியில் யார் வயலுக்கு வந்து சேரும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

*

வாசலில் யாரையும் உட்கார வைக்காமல் வெளியேற வழி இருக்கிறதா? இருக்கிறது. இயற்கைக் குளிரூட்டிகள். சி.என்.ஜி.யோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இயற்கையிலேயே இருக்கிற, பூமிக்கு ஏற்கெனவே பழக்கமான பொருள்களை ஏ.சி.க்குள் சுற்ற விடுவது. காருக்கு இரண்டு பேர் தேறுவார்கள்: கார்பன் டை ஆக்ஸைடு, புரொபேன்.

'சூடாக்குகிறவனையே உள்ளே விடச் சொல்கிறீரே' என்பீர்கள். ஒரு கிலோ கசிந்தால் ஒரு கிலோ கணக்கு, அவ்வளவுதான். 1,430 கிலோ இல்லை. டைம்லர் வாய்ச்சொல்லோடு நிற்கவில்லை. 2015-ல் அறிவித்து, மெர்சிடிஸ் எஸ் கிளாஸ், இ கிளாஸ் கார்களில் கார்பன் டை ஆக்ஸைடு ஏ.சி.யைக் கொண்டுவந்தது. 2020-ல் வந்த ஃபோக்ஸ்வாகன் ஐ.டி.3 எலெக்ட்ரிக் காரில், ஹீட் பம்ப் கேட்டவர்களுக்கு அதே கேஸ்.

அப்படியானால் நம் ஊரில் ஏன் இல்லை? கார் கம்பெனிக்காரர்கள் சொல்லும் காரணங்களில் பாதி நியாயம், பாதி சாக்கு.

நியாயம் இது. கார்பன் டை ஆக்ஸைடு 31 டிகிரிக்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் திரவமாகாது. ஸ்டட்கார்ட்டில் 31 டிகிரி என்றால் பள்ளிக்கூடத்துக்கு லீவு கேட்பார்கள். தஞ்சாவூரில் அது மார்கழி தாண்டினால் சகஜம். வெயில் ஏற ஏற அழுத்தம் 100 பாருக்கு மேல் போகும். கம்ப்ரஸர் அதிகம் உழைக்கும். அந்த உழைப்புக்குப் பெட்ரோல் யார் கொடுப்பது? இதற்கும் வழி தேடுகிறார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில், நார்வே பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து, நம் வெயிலுக்கு ஏற்ற கார்பன் டை ஆக்ஸைடு அமைப்பைச் சூப்பர் மார்க்கெட்டுகளுக்காகச் சோதித்திருக்கிறார்கள். காருக்கு அது வர நாளாகும்.

சாக்கு இது: 'புரொபேன் எரியும் சார்.' எரியும்தான். ஆனால், உங்கள் சமையலறையில் இருக்கிற சிலிண்டரில் என்ன இருக்கிறது? பக்கத்தில் நிற்கிற ஃப்ரிட்ஜில், பெரும்பாலும், ஐசோபியூட்டேன் இருக்கிறது, அதுவும் எரியும். கோத்ரெஜ் 2012-ல் புரொபேன் போட்ட வீட்டு ஏ.சி.யை இந்தியாவில் விற்க ஆரம்பித்தது. காரிலேயே நாற்பது லிட்டர் பெட்ரோல் மேல் குடும்பத்தோடு உட்கார்ந்து போகிறோம். சி.என்.ஜி. காரின் டிக்கியில் 200 பார் அழுத்தத்தில் சிலிண்டர் படுத்திருக்கிறது. அதற்கெல்லாம் வராத பயம், சில நூறு கிராமுக்கு வருகிறது.

பயத்துக்கு மருந்தும் உண்டு. எரிகிற கேஸை பானெட்டுக்குள்ளேயே நிறுத்திவிடுவது. அது கிளைக்கால் கலந்த தண்ணீரைக் குளிர்விக்கும். அந்தத் தண்ணீர் மட்டும் டேஷ்போர்டு பக்கம் வந்து காற்றைக் குளிர்விக்கும். கேஸ் உங்கள் மூக்குக்குப் பக்கத்தில் வராது. இந்த ஏற்பாட்டை வெளிநாட்டில் தேட வேண்டாம். டாடா மோட்டார்ஸ், மாலே என்ற கம்பெனியோடு சேர்ந்து, ஆர்-152ஏ கேஸை வைத்து நம் சாலையில் ஓட்டியே பார்த்தது. அது இயற்கை கேஸ் இல்லை, ஆனால் எரிகிற கேஸ். அதற்குப் போட்ட பாதையில் புரொபேனும் போகலாம்.

ஓர் எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டுச் சமையல் சிலிண்டரிலிருந்து கார் ஏ.சி.க்கு கேஸ் பிடிக்கும் மேதாவித்தனம் வேண்டாம். அதில் நாற்றத்துக்காகக் கலந்த கந்தகமும் ஈரமும் இருக்கும். உங்கள் காரில் கேஸையும் உங்களையும் பிரிக்கிற தண்ணீர்ச் சுற்று கிடையாது. குளிரூட்டும் காயில் கசிந்தால் நேரே உங்கள் மடிக்கு வரும். வடிவமைப்பு மாறாமல் கேஸ் மட்டும் மாறக் கூடாது.

*

என் புகார் கம்பெனிகள் மேல் மட்டும் இல்லை. ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியாகும் இந்தியக் கார், அந்த ஊர்ச் சட்டப்படி 150-க்குக் கீழே உள்ள கேஸோடு கப்பலேறுகிறது. உள்ளூர்க்காரனுக்குச் சட்டம் இல்லை. அதனால் பழைய கேஸ்.

2016-ல் ருவாண்டாவின் கிகாலியில், இந்த வகை கேஸ்களைக் குறைக்க உலகம் ஒப்புக்கொண்டது. இந்தியா 2021-ல் ஏற்றது. நமக்கு வரம்பு 2028-ல். முதல் 10 சதவிகிதக் குறைப்பு 2032-ல். 85 சதவிகிதம் 2047-ல். எதிலிருந்து குறைப்பது? 2024, 25, 26 மூன்று வருஷ உபயோகத்தின் சராசரியை முக்கியமாக வைத்து. அதாவது, இந்த வருஷங்களில் எவ்வளவு ஊதுகிறோமோ, பின்னால் அவ்வளவு சலுகை. டயட் ஆரம்பிக்கும் முன்பு எடை போடுகிறவன், அன்றைக்குக் காலையில் மூன்று பிளேட் பொங்கல் சாப்பிட்டுவிட்டுப் போவது மாதிரி.

இதற்கு நடுவில் ஒரு நல்ல காரியம் நடந்தது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளில் டிரைவர் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம். நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு இரவு பகலாகப் போகிற டிரைவருக்கு எப்போதோ கிடைத்திருக்க வேண்டியது. ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். ஆனால், கட்டாயம் என்று எழுதிய அதே பேனாவால் 'எந்த கேஸ்' என்று இன்னொரு வரி எழுதியிருக்கலாம் இல்லையா? புதிதாக ஆரம்பிக்கிற இடத்தில் செய்யாத மாற்றத்தைப் பழகிய இடத்தில் எப்படிச் செய்யப் போகிறார்கள்?

2019-ல் மத்திய அரசு, குளிரூட்டலுக்கென்று தனியாக ஒரு செயல்திட்டமே வெளியிட்டது. கார் ஏ.சி.யும் அதில் உண்டு. 2022-23-க்குள் ஒரு லட்சம் மெக்கானிக்குகளுக்குப் பயிற்சி என்பதும் அதில் உண்டு. காகிதத்தில் அருமையான திட்டம்.

எரியும் கேஸோ, உயர் அழுத்த கேஸோ, எது வந்தாலும் அது கடைசியில் வந்து நிற்கப்போவது திருவிடைமருதூர் பட்டறையில்தான். அந்தத் தம்பிக்குப் பயிற்சியும் கருவியும் கொடுக்காமல் புதுக் காரை அனுப்பினால், கேஸ் இயற்கையாக இருந்து பிரயோஜனம் இல்லை. விபத்தும் இயற்கையாகவே நடக்கும். மூன்றாவது வாசல் கேஸை விலை கொடுத்து வாங்கி, இருபது வருஷம் கழித்து அதையும் தூக்கி எறிவதற்குப் பதில், அந்தப் பணத்தைத் தம்பியின் கையில் போடுங்கள் என்பதுதான் என் கட்சி.

*

மேற்கு வாசல் வழியாகவே வெளியே வந்தேன். கார் அங்கே வந்து நின்றது. உள்ளே ஜில்லென்று இருந்தது. வெட்கமாகவும் இருந்தது, ஆனாலும் சுகமாக இருந்தது. மறைக்க மாட்டேன்.

தம்பியும் பணம் வாங்க டூவீலரில் வந்திருந்தார். ''பழைய கேஸை வெளியே விடாமப் பிடிச்சு வைக்க மெஷின் இருக்குப்பா, தெரியுமா?'' என்றேன்.

''தெரியும் சார். கும்பகோணத்துல பெரிய சர்வீஸ் சென்டர்ல பார்த்திருக்கேன். அது விலைக்கு நான் இன்னொரு பட்டறை வைக்கலாம். கவர்மென்ட்ல லோன் போட்டுக் கொடுத்தா நான் ஏன் சார் காத்துல விடுறேன்?''

பதில் சொல்லத் தெரியவில்லை. கார் கிளம்பியது. கிழக்கு வாசல் பக்கம் நான் திரும்பிப் பார்க்கவில்லை.