கோணல் லிப்ட்டுக்கு ஒரு சலாம்

சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள். மே மாசம், ஐ.பி.எல். சூடு பிடித்திருக்கிற நேரம், சேப்பாக்கத்துக்கு ஓசி டிக்கெட் வருகிறது. அதை மச்சானுக்குத் தள்ளிவிட்டு, மண்டை பிளக்கிற வெயிலில் ஒரு கல்லூரி மைதானத்து வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்த ஆள் கூடுவாஞ்சேரியில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அன்றைக்கு அங்கே கைப்பந்து செலக்‌ஷன். பிளஸ் டூ முடித்த பையன்களைக் கல்லூரி அணிக்குப் பொறுக்கி எடுக்கிற நாள். போன வருஷம் தெரியாத்தனமாகப் போனேன். இந்த வருஷம் ஆபீஸில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனேன். அடுத்த வருஷத்துக்கும் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.

என் யோக்யதையைச் சொல்லிவிடுகிறேன். உயரம் 5 அடி 5 அங்குலம். பள்ளி அணியில் பந்து பொறுக்கினேன், இரண்டு ஆட்டம் சர்வீஸ் போட்டேன், அவ்வளவுதான். குள்ளமாக இருந்தாலும் பின்வரிசையில் விழுந்து புரண்டு பந்தை எடுக்கிறவனுக்கென்று ‘லிபரோ’ என்று ஒரு இடம் 1998-ல் வந்தது. நான் பள்ளியை முடித்தது 1996-ல். உலகக் கைப்பந்துச் சம்மேளனம் எனக்காக இரண்டு வருஷம் முந்தியிருக்கலாம்.

எங்கள் ஊர் இருக்கிற இடம் இதற்கு ரொம்ப முக்கியம். ஜி.எஸ்.டி. ரோட்டில் தாம்பரம் தாண்டினால் கல்லூரிக்கா பஞ்சம்? எங்களுக்கு அடுத்த ஸ்டேஷன் பொத்தேரியில் இறங்கினால் எஸ்.ஆர்.எம்.; 1985-ல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி இன்றைக்குத் தனி ஊர் மாதிரி நிற்கிறது. கைப்பந்தில் அந்தப் பெயருக்கு இருக்கிற மரியாதை தெரியவேண்டுமானால் எந்தக் கிராமத்து மின்னொளிப் போட்டியிலும் போய் நில்லுங்கள். மைக்கில் அந்த மூன்று எழுத்தைச் சொன்னதும் சவுக்குக் கட்டைக்கு வெளியே கூட்டம் நெருக்கும். வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் போகிற வழியில் மேலக்கோட்டையூரில் விளையாட்டுப் பல்கலைக்கழகம். தாம்பரத்தில் கிறித்தவக் கல்லூரி. இவர்கள் எல்லோருக்கும் வருஷா வருஷம் கை நீண்ட, கால் எம்புகிற பையன்கள் வேண்டும். நான் பார்த்த கல்லூரி எது என்று சொல்லப்போவதில்லை. தெரிந்தால் அடுத்த வருஷம் வேப்பமரத்தடியில் எனக்கு இடம் கிடைக்காது.

டெக்சாஸில் இருக்கிற என் அத்தை மகனிடம் இதைப் போனில் சொன்னேன். அவன் அமெரிக்கன் ஃபுட்பால் பைத்தியம். அங்கே ஓடிப்போய்ப் பந்து பிடிக்கிற ‘வைட் ரிசீவர்’ பையன் ஒருவன் பள்ளியில் பெயர் எடுத்துவிட்டால் போதுமாம். அவனுக்கு நட்சத்திர மதிப்பெண் போடுகிறார்கள், ஐந்து நட்சத்திரம் வரைக்கும். கோச்சுகள் வீடு தேடி வருகிறார்கள். கையெழுத்துப் போடுகிற அன்று மேஜையில் நாலைந்து கல்லூரித் தொப்பிகளை வைத்து, டிவி கேமரா பார்க்க, ஒன்றை எடுத்துத் தலையில் வைத்துக்கொள்கிறானாம் பையன். 2021-லிருந்து கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரத்தில் காசும் பார்க்கலாம். “உங்க ஊர்ல என்னடா குடுப்பாங்க?” என்றான். ஃபீஸ் கிடையாது, ஹாஸ்டல், மூணு வேளைச் சாப்பாடு, ஷூ என்றேன். “தொப்பி?” என்றான். வெயிலுக்கு நாமே கொண்டுபோகணும் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

காலை ஆறரைக்கெல்லாம் அறுபது, எழுபது பையன்கள் வந்துவிட்டார்கள். ஆளுக்கொரு பிளாஸ்டிக் ஃபைல். அதற்குள் பாரதியார் தின விளையாட்டு, குடியரசு தின விளையாட்டு, முதலமைச்சர் கோப்பை என்று சர்ட்டிஃபிகேட்டுகள், ஓரம் மடங்காமல். ஃபைலைப் பார்க்கிற வேலை கோச்சுக்கு இல்லை போலிருக்கிறது. அவர் முதலில் பார்த்தது சுவரை.

இது எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. சாக்பீஸ் பொடியில் விரலை முக்கி, சுவரோரம் நின்று கையை உயர்த்தி ஒரு தொடு. பிறகு ஓடிவந்து எம்பி இன்னொரு தொடு. இரண்டு வெள்ளைப் புள்ளிக்கும் நடுவே டேப் வைத்து அளக்கிறார்கள். பையனின் முழு ஜாதகமும் அந்த இடைவெளியில் இருக்கிறது. ஆண்கள் நெட்டின் உயரம் 2.43 மீட்டர். பெரிய சர்வதேச அட்டாக்கர்கள் மூன்றரை மீட்டரைத் தொட்டுவிட்டு வருகிறார்கள். இங்கே மூன்று மீட்டரைத் தாண்டினாலே ஓரத்தில் நிற்கிற சீனியர் பையன்கள் போனை உள்ளே வைத்துவிட்டு நிமிர்கிறார்கள்.

ஒரு பையன் நின்று தொட்டது 2.46. மகாபலிபுரம் தாண்டிக் கடலோரக் குப்பம் ஒன்றிலிருந்து அப்பாவோடு வந்திருந்தான். ஷூ அவனுடையது இல்லை. நுனியில் துணி திணித்திருந்தது நடையிலேயே தெரிந்தது. ஓடிவந்தான். எம்பினான். டேப் பிடித்த சீனியர் ஸ்டூலில் ஏறி ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்துவிட்டு, “மூணு இருபத்தெட்டு சார்” என்றான். 82 சென்டிமீட்டர்! பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரின் தொடையில் ஓங்கித் தட்டிவிட்டேன். அவர்தான் பையனின் அப்பா என்பது அப்புறம் தெரிந்தது.

காசிமேட்டு விசைப்படகில் வேலை அவருக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அதனால்தான் மகனோடு வர முடிந்தது. “அந்த நெட்டு எவ்ளோ உசரம் சார்?” என்று கேட்டார். சொன்னேன். மனசுக்குள் கணக்குப் போட்டு, “ஒண்ணேகால் பாகத்துக்கு மேல கொஞ்சம்” என்றார். ஆழத்தைப் பாகத்தில் அளக்கிற மனுஷர், உயரத்தையும் அதிலேயே அளந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து அவரே சிரித்துக்கொண்டார்: “எங்க வலையில வந்து விழுந்தாதான் காசு. இவனுக்கு வலைய தாண்டி உழுவணும்.”

அடுத்தது அடி. தூரத்திலிருந்து பார்த்தால் ஸ்மாஷ் கையால் அடிப்பது மாதிரி தெரியும். நெட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் அது காலால் அடிக்கிற அடி என்று புரிகிறது. வலக்கைக்காரன் என்றால் இடது, வலது, இடது. அதில் கடைசிக்கு முந்தின எட்டு நீளமாக, குதிகால் ஊன்றி விழவேண்டும். முன்னால் பாய்கிற வேகத்துக்கு அங்கே பிரேக் விழுந்து, அத்தனையும் மேல்நோக்கித் திரும்புகிறது. அதே நொடியில் இரண்டு கையும் பின்னாலிருந்து வீசி எழும். இதைக் கோட்டைவிட்டவன் நெட்டில் போய் விழுவான். கடற்கரை மணலில் ஆடி வளர்ந்த காலுக்குக் கெட்டித்தரை கிடைத்தால் என்ன ஆகும் என்று அன்றைக்குப் பார்த்தேன். பையன் காற்றில் ஏறிவிட்டு, பந்து வரட்டும் என்று காத்திருந்த மாதிரி இருந்தது. முதல் அடி மூன்று மீட்டர் கோட்டுக்குள் விழுந்து, எகிறி, வேலிக்கு அந்தப் பக்கம் நிறுத்தியிருந்த டாடா ஏஸ் மேல் போய் மோதியது. நாங்கள் கத்தினோம். கோச் கத்தவில்லை. நோட்டில்கூட எதுவும் எழுதவில்லை.

அவர் எழுந்துபோய், அடிக்கிறவனுக்குப் பந்தை எழுப்பிக் கொடுக்கிற லிப்டரின் காதில் என்னவோ சொன்னார். பையன்களுக்குத் தெரியாமல்தான், எனக்குக் கேட்டுவிட்டது. “இனிமே கெடுத்துப் போடு.”

பார்த்ததிலேயே இதுதான் அற்புதம். ஒருத்தன் எவ்வளவு பலமாக அடிக்கிறான் என்பதை நல்ல லிப்ட் காட்டிவிடும். அவன் யார் என்பது கெட்ட லிப்ட்டில்தான் தெரியும். ஆட்டம் முற்றிய நேரத்தில் பாஸ் சரியாக வராது, லிப்டர் ஓடிப்போய் எடுப்பார், பந்து கோணலாகத்தான் எழும். அப்போது அட்டாக்கர் என்ன செய்கிறான்? முதல் பந்து நெட்டை ஒட்டி வந்தது. ஆறடி மூன்று அங்குலப் பையன் ஒருவன் ஆத்திரத்தில் நெட்டோடு சேர்த்து அடித்தான். இன்னொருவன் பந்தை விட்டுவிட்டு லிப்டரை முறைத்தான். கோச்சின் பேனா அப்போதுதான் அசைந்தது. முறைத்தவன் பெயருக்கு நேரே ஒரு கோடு.

குப்பத்துப் பையனுக்கு மூன்று கோணல் பந்து. முதலாவது நெட்டை ஒட்டியது. வேண்டுமென்றே பிளாக்கரின் கையில் தட்டி வெளியே தள்ளினான். இரண்டாவது பின்னால் போனது; அடித்தான், பிளாக்கில் பட்டுத் திரும்பி விழுந்தது. விழுவதற்குள் அவனே தரையில் பாய்ந்து ஒரு கையால் தூக்கிவிட்டான். மூன்றாவது தலைக்குப் பின்னால், இடதுபுறம். ஏறியாகிவிட்டது, திரும்ப வழியில்லை. அந்தரத்தில் இடது கையை நீட்டி, நுனி விரலால் ஒரு தட்டு. பந்து பிளாக்கைத் தாண்டி, காக்கை எச்சம் மாதிரி சத்தமில்லாமல் விழுந்தது. இறங்கியதும் லிப்டரைப் பார்த்து, “பரவால்லண்ணா, இன்னொண்ணு குடுங்க” என்றான்.

கோச் நோட்டை மூடிவிட்டார்.

எல்லாம் தங்கம் என்று சொல்லமாட்டேன். இந்த உலகத்தில் சில்லறைத்தனமும் உண்டு. எனக்குத் தெரிந்த பையன் ஒருவனுக்கு எல்லாம் இலவசம் என்று சொல்லிச் சேர்த்துக்கொண்ட ஓர் இடம், முழங்கால் போனதும் மெஸ் பில்லை நீட்டியது. ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட்டைத் திரும்ப வாங்க அவன் அப்பா ஆறு தடவை அலைந்தார். அதனாலோ என்னவோ, இந்தக் கோச் அன்று அந்த மீனவரிடம் பேசிய விதம் எனக்குப் பிடித்தது. பக்கத்தில் உட்கார வைத்து, டீ சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தார்.

“அண்ணே, இன்ஜினியரிங் கவுன்சிலிங்ல விளையாட்டுக்குன்னு 500 சீட்டு இருக்கு. அதுக்கும் எழுதிப் போடுங்க. கெடைச்சா அங்க போகட்டும், நான் கோவிச்சுக்க மாட்டேன்.”

“எங்களுக்கு அதெல்லாம் தெரியாது சார். சாப்பாடு போடுவீங்களா?”

“போடுவோம்ணே. முட்டை தினமும்.”

“மீனு?”

“வாரத்துக்கு ஒரு நாள்.”

அப்பா மகனைப் பார்த்தார். அந்த ஒரு விஷயத்தில்தான் கொஞ்சம் தயங்கினார் என்று நினைக்கிறேன். கோச் விடவில்லை. டிகிரி முடித்தால் அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீதம், ஐ.சி.எஃப்., இந்தியன் ஓவர்சீஸ் வங்கி என்று ஆடவைத்துச் சம்பளம் கொடுக்கிற அணிகள், 2022-லிருந்து நடக்கிற பிரைம் லீக், அதில் நம் சென்னை பிளிட்ஸ், எல்லாவற்றையும் விரல்விட்டு எண்ணினார். நான் பொறுக்கமாட்டாமல் நடுவில் நுழைந்து, 2023-ல் ஹாங்சோ ஆசியப் போட்டியில் தென் கொரியாவை நம் அணி ஐந்தாவது செட்டில் 17-15 என்று சாய்த்த கதையைச் சொன்னேன். அதற்கு முந்தின ஆசியப் போட்டியில் வெள்ளி வாங்கிய கொரியா! அந்த அணியில் லிப்ட் போட்டவர் முத்துசாமி அப்பாவு, நம்ம தமிழ்நாட்டுக்காரர் என்றேன். பையன் மெதுவாக, “தெரியும் சார், போன்ல பாத்தேன். நாலு தடவ” என்றான். எனக்குப் பேச்சு நின்றுவிட்டது. நான் மூன்று தடவைதான் பார்த்திருந்தேன்.

கூடுவாஞ்சேரி ஸ்டேஷன் வரைக்கும் அவர்களோடு நடந்தேன். வாசலில் நுங்கு விற்றார்கள். பையன் ஆறு சுளை சாப்பிட்டான், அப்பா ஒன்று. துணி திணித்த ஷூவைக் கழற்றிக் கையில் தூக்கிக்கொண்டு, வெறுங்காலோடு செங்கல்பட்டு வண்டியில் ஏறினான். ஏறும்போது தலை குனிந்தான். வாசல் உயரம் அவனுக்குப் போதவில்லை.

பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான தெற்கு மண்டலப் போட்டி எந்த ஊரில் என்று இன்னும் அறிவிக்கவில்லை. வீட்டம்மாவிடம் அது ஏதாவது கோயில் ஊராக இருக்கும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.