லெவல் 42: கட்டைவிரலில் பிறந்த தாளம்

ஜாஸின் நுணுக்கம், ஃபங்கின் துள்ளல், பாப்பின் எளிமை மூன்றையும் இணைத்த பிரிட்டிஷ் இசைக்குழு லெவல் 42. மார்க் கிங், ஃபில் கூல்ட், பூன் கூல்ட், மைக் லிண்டப் ஆகியோர் 1979-80இல் லண்டனில் இதைத் தொடங்கினர்.

இக்குழுவின் அடையாளம் கிங்கின் பேஸ் கிட்டார். அவர் முதலில் டிரம்ஸ் கலைஞர். அதனால் அவர் கைபட்ட தந்திகளும் தோல்கருவிபோலப் பேசின. கட்டைவிரல் தடித்த தந்தியை அறைய, மற்ற விரல்கள் மெல்லிய தந்தியைச் சுண்டியிழுக்கும். இடையிடையே ஒலி அடக்கிய தட்டல்கள் தாளத்தை நிரப்பும். அதன்மேல் கிங்கின் கனத்த குரலும் லிண்டப்பின் உச்சக்குரலும் இழையும்.

1981இல் முதல் ஆல்பம் வந்தது. 1985இன் ‘வேர்ல்டு மெஷின்’ பாப் பக்கம் சாய்ந்தது. அதிலுள்ள ‘சம்திங் அபவுட் யூ’ அமெரிக்காவிலும் முதல் பத்துக்குள் நுழைந்தது. 1987இல் ‘ரன்னிங் இன் தி ஃபேமிலி’ ஆல்பம் வெளியானது. அதே ஆண்டின் இறுதியில் கூல்ட் சகோதரர்கள் விலகினர். கேரி ஹஸ்பண்ட் டிரம்ஸையும் ஆலன் மர்ஃபி கிட்டாரையும் ஏற்றனர். மர்ஃபி 1989இல் மறைந்தார். 1994இல் குழு கலைந்தது.

2001இல் கிங் அதே பெயரில் குழுவை மீட்டெடுத்தார். 2006இல் ‘ரெட்ரோகிளைடு’ ஆல்பம் வெளிவந்தது.