நாலு வாரம், நாலு கேள்வி
சுயாதீனப் படங்களையும் ஆவணப்படங்களையும் எப்படி ரசிப்பது? திருவான்மியூர்வாசிகளுக்கு ஒரு மாதத் திட்டம்

திருவான்மியூரில் ஜெயந்தி தியேட்டர் போய்விட்டது. சிக்னலுக்கும் பஸ் ஸ்டாப்புக்கும் அதன் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தியாகராஜா மல்டிபிளெக்ஸாக மாறிவிட்டது. வருஷம் முழுக்க இந்த வகைப் படங்களை மட்டுமே போடும் ஒரு தனி அரங்கு சென்னைக்கு வாய்க்கவில்லை. அதற்காக இந்தப் பேட்டையைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். திருவான்மியூரிலேயே கூட்டங்களும் திரையிடல்களும் நடத்திய பனுவல் புத்தக நிலையம் உண்டு. பக்கத்துத் தரமணியில் அரசுத் திரைப்படக் கல்லூரியும் ஆசிய இதழியல் கல்லூரியும் ரோஜா முத்தையா நூலகமும் இருக்கின்றன. பெசன்ட் நகர் கடற்கரையில் நடனக் கலைஞர் சந்திரலேகாவின் ‘ஸ்பேசஸ்’. கொஞ்சம் தள்ளி நுங்கம்பாக்கத்தில் மேக்ஸ்முல்லர் பவனும் அலையன்ஸ் பிரான்சேஸும். டிசம்பரில் சென்னை சர்வதேசத் திரைப்பட விழா, 2003இலிருந்து நடக்கிறது. ஆவணப்பட இயக்குநர் அமுதன் ஆர்.பி.யின் ‘மறுபக்கம்’ அமைப்பு 1998இல் மதுரையில் தொடங்கிய விழா, பின்னர் சென்னைக்கும் வந்தது. இவற்றின் அறிவிப்புகளைக் கவனித்து, விட்டுப்போனதை ஓ.டி.டி.யில் நிரப்பிக்கொண்டால் ஒரு மாதத்துக்குத் தேவையான படங்கள் சேர்ந்துவிடும்.

கஷ்டம் படம் கிடைப்பதில் இல்லை, உட்கார்ந்து பார்ப்பதில்தான். முதல்முறை வருகிறவர்களில் பலர் இருபதாவது நிமிடத்தில் போனை எடுத்துவிடுகிறார்கள். ‘அடுத்து என்ன ஆகும்?’ என்ற ஒரே கேள்வியோடு அவர்கள் காத்திருக்கிறார்கள். இந்தப் படங்களுக்கோ அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் அவசரமே கிடையாது. வேறு கேள்வி கேட்டால் அதே படம் பேச ஆரம்பிக்கும். எல்லாவற்றையும் ஒரே படத்தில் கவனிக்கப் பார்த்தால் தலை சுற்றும் என்பதால், வாரத்துக்கு ஒரு கேள்வி வைத்துக்கொள்ளலாம்.

முதல் வாரம்: என்ன கேட்கிறது?

நமக்குப் பழகிய படங்களில் அழ வேண்டிய இடத்தை வயலின் சொல்லிவிடும், பயப்பட வேண்டிய இடத்தை டிரம்ஸ் சொல்லிவிடும். செழியன் இயக்கிய ‘டு லெட்’டில் அந்த உதவி கிடைக்காது. படத்தில் பின்னணி இசையே இல்லை. 2007ஆம் ஆண்டுச் சென்னை. சினிமாவில் வாய்ப்புத் தேடும் உதவி இயக்குநர், அவர் மனைவி, சின்னப் பையன். வீட்டுக்கார அம்மா காலி பண்ணச் சொல்லிவிடுகிறார். மூவரும் வீடு தேடுகிறார்கள். கதை இவ்வளவுதான். ஐ.டி. சம்பளக்காரர்கள் கேட்ட வாடகையைக் கொடுக்கத் தயாராக இருந்த காலம் அது. 2000இல் டைடல் பார்க் வந்த பிறகு இந்தப் பக்கம் வாடகை எப்படி ஏறியது என்று பார்த்தவர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது பெற்ற இது, 2019 பிப்ரவரியில்தான் தியேட்டருக்கு வந்தது.

ஒரு பயிற்சி: நடுவில் ஏதாவதொரு காட்சியில் ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். வீட்டுக்குள்ளிருந்து வரும் சத்தம் எது, மாடியிலிருந்து வருவது எது, தெருவிலிருந்து வருவது எது என்று பிரித்துப் பாருங்கள். வாடகை வீட்டில் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எவ்வளவு நெருக்கம் என்பது காது வழியாகவே புரிந்துவிடும்.

அடுத்து பி.எஸ். வினோத்ராஜின் ‘கொட்டுக்காளி’ (2024). இதிலும் பின்னணி இசை கிடையாது. வேறு சாதிப் பையனைக் காதலித்த பெண்ணுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று நம்பி, குடும்பமே ஆட்டோவிலும் பைக்கிலும் சாமியாடியிடம் கிளம்புகிறது. அன்னா பென் நடித்த அந்தப் பெண் ஏறக்குறையப் படம் முழுக்க வாயைத் திறப்பதில்லை. அவளைக் கட்டிக்கொள்ள இருக்கும் சூரிக்கோ தொண்டை கட்டியிருக்கிறது. கரகரத்த குரலில் கத்துகிறார். ஆட்டோ இரைச்சல், சேவல், வாக்குவாதம் எல்லாவற்றுக்கும் நடுவில் அவளுடைய மௌனத்தைக் கவனியுங்கள். அத்தனை சத்தத்தையும் மீறி நிற்கிற ஒரே குரல் அதுதான்.

இரண்டாம் வாரம்: ஏன் இன்னும் கட் பண்ணவில்லை?

‘ஷாட் ரொம்ப நீளம்’ என்பதுதான் இந்தப் படங்களின் மீது அடிக்கடி விழும் புகார். புகாரைக் கேள்வியாக்கிக்கொள்ளுங்கள்: இயக்குநர் இங்கே ஏன் காத்திருக்கிறார்? மூன்று காரணங்களில் ஒன்று பெரும்பாலும் பொருந்தும். நாம் அந்த இடத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டும். அல்லது பாத்திரம் படும் அலுப்பை நாமும் பட வேண்டும். அல்லது ஏதோ ஒன்று மெல்ல மாறிக்கொண்டிருக்கிறது, அது நம் கண்ணில் பட வேண்டும்.

இதற்கு வினோத்ராஜின் முதல் படமான ‘கூழாங்கல்’லைவிட நல்ல பாடம் இல்லை. 2021இல் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கிய படம். ஓடும் நேரம் ஒன்றேகால் மணிதான். குடிகாரத் தகப்பன் பள்ளிக்கூடத்திலிருந்து மகனை இழுத்துக்கொண்டு, கோபித்துப் போன மனைவியைக் கூட்டிவரக் கிளம்புகிறான். வெயிலில் இருவரும் நடந்தே திரும்புகிறார்கள். இயக்குநரின் சகோதரிக்கு நடந்ததுதான் படத்துக்கு வித்து. கைக்குழந்தையோடு 13 கிலோமீட்டர் நடக்க வேண்டி வந்ததாம். அந்தத் தூரத்தை ஒரு வசனத்தில் சொல்லியிருக்கலாம். சொன்னால் தகவல் வந்து சேரும், வெயில் வந்து சேராது. படத்தின் முடிவில் பெண்கள் ஊற்றுக் குழியைச் சுற்றி உட்கார்ந்து தண்ணீர் சுரக்கச் சுரக்க அள்ளி நிரப்புகிறார்கள். குடம் நிறைய ஆகும் நேரத்தைக் கேமராவும் செலவழிக்கிறது. அதுவரை தகப்பனின் கோபத்தையே பார்த்துக்கொண்டிருந்த நமக்கு, அந்த ஊரின் நிஜமான பாரம் யார் தலையில் என்று அந்தக் காத்திருப்பில்தான் உறைக்கிறது.

நேரத்தைப் போலவே சட்டகத்தையும் பாருங்கள். அருண் கார்த்திக்கின் ‘நசீர்’ (2020) அகலத்திரையை விட்டுவிட்டு, ஏறக்குறையச் சதுரமான, முனை மழுங்கிய சட்டகத்துக்குள் கோயம்புத்தூர் ஜவுளிக்கடைச் சிப்பந்தி ஒருவரின் ஒரு நாளைச் சொல்கிறது. திலீப்குமாரின் ‘ஒரு குமாஸ்தாவின் கதை’ சிறுகதையிலிருந்து எடுத்தது. பாட்டு, கவிதை, வீட்டுக்கவலை என்று அவருடைய உலகம் அந்தச் சின்னச் சட்டகத்துக்குள் அடங்கியிருக்கிறது. ஊரில் மூண்டுகொண்டிருக்கும் வெறுப்போ ஒலிபெருக்கிச் சத்தமாக வெளியிலிருந்து உள்ளே வருகிறது. சட்டகத்துக்கு வெளியே என்ன இருக்கிறது என்று கேட்கப் பழகியவருக்கு அந்தப் படத்தின் முடிவு திடீரென்று வந்ததாகத் தோன்றாது.

மூன்றாம் வாரம்: கேமரா எங்கே நிற்கிறது?

இப்போது ஆவணப்படம். கேமராவுக்கு முன்னால் இருப்பவர் சம்பளம் வாங்கிய நடிகர் இல்லை. படம் முடிந்த பிறகும் அதே தெருவில் வாழப்போகிறவர். அதனால் கேமரா எவ்வளவு பக்கத்தில் நிற்கிறது, யார் உயரத்தில் நிற்கிறது, எப்போது விலகிக்கொள்கிறது என்பதெல்லாம் அழகோடு மட்டும் நிற்பதில்லை, நாணயத்தையும் தொடுகிறது.

அமுதனின் ‘பீ’ (2003) அரை மணிக்கும் குறைவான படம். மதுரையில் ஒரு தெருவில் மலம் அள்ளும் பெண்ணோடு கேமரா நடக்கிறது. அவர் வேலை செய்துகொண்டே பேசுகிறார், திட்டுகிறார், அலுத்துக்கொள்கிறார். நாம் மூக்கைச் சுளித்து முகத்தைத் திருப்பப் பார்க்கிறோம், கேமரா திருப்புவதில்லை. பார்வையாளரின் அருவருப்பையும் அந்தப் பெண்ணின் அன்றாடத்தையும் எதிரெதிரே நிறுத்துவதுதான் படத்தின் வாதம்.

ஆனந்த் பட்வர்தனின் ‘பம்பாய்: நமது நகரம்’ (1985) இன்னொரு படி மேலே போகிறது. குடிசை இடிக்கப்பட்டு நடைபாதைக்கு வந்த ஒரு பெண், படம் எடுக்கிறவரையே மடக்கிக் கேட்கிறார்: எங்களைப் படம் பிடித்து என்ன கிழிக்கப் போகிறாய் என்ற தொனியில். அதை வெட்டி எறியாமல் படத்திலேயே வைத்திருக்கிறார் பட்வர்தன். நகரத்துக்குள்ளிருந்து அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்கள் கண்ணகி நகருக்குப் போனதை அறிந்த சென்னைக்காரர், அந்தக் கேள்வி தன்னைப் பார்த்தும் கேட்கப்படுவதாக உணராமல் இருக்க முடியாது.

சென்னையைச் சேர்ந்த ஆர்.வி. ரமணியின் படங்களையும் தேடிப் பாருங்கள். தானே ஒளிப்பதிவும் செய்கிறவர். ‘நீ எங்கே’யில் தோல்பாவைக் கூத்துக் கலைஞர்களைத் தேடிப் போனவர், ‘மை கேமரா அண்ட் சுனாமி’யில் (2011) 2004 ஆழிப்பேரலையில் பறிகொடுத்த தன் கேமராவைப் பற்றியே படம் எடுத்தார். எடுத்தவர் யார் என்பதை மறைக்காத படம் எப்படி இருக்கும் என்பதற்கு இவை நல்ல உதாரணம்.

நான்காம் வாரம்: இதைக் கோத்தது யார்?

ஆவணப்படம் என்றதும் நம் தலைமுறைக்குக் கொட்டாவி வருவதற்கு ஒரு வரலாறு உண்டு. 1948இல் தொடங்கிய பிலிம்ஸ் டிவிஷனின் படங்களைத் தியேட்டர்கள் கட்டாயம் போட்டாக வேண்டும் என்றிருந்தது. அணைக்கட்டு, வெள்ளம், அமைச்சர் வருகை, கூடவே எல்லாம் தெரிந்த ஒரு கனத்த குரல். அந்தக் குரல் ஓயும்வரை வெளியில் நின்று முறுக்கு தின்றவர்கள் ஏராளம். எதிர்முனையில் அமெரிக்கரான ஃபிரெடெரிக் வைஸ்மேன். 1967இல் வந்த முதல் படத்திலிருந்தே விளக்கக் குரல், பேட்டி, பின்னணி இசை மூன்றையும் ஒதுக்கியவர். ஒரு மருத்துவமனையையோ பள்ளிக்கூடத்தையோ காட்டுவார். முடிவுக்கு வருவது நம் பொறுப்பு.

குரல் இல்லாவிட்டால் ஒளிவுமறைவே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். ஆவணப்படத்தின் தொடக்க நூல்போலக் கொண்டாடப்படும் ஃபிளாஹர்ட்டியின் ‘நானூக்’கில் (1922) பனிவீட்டின் ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டுத்தான் உள்காட்சிகளை எடுத்தார்கள், உள்ளே போதிய வெளிச்சம் இல்லை. துப்பாக்கி புழக்கத்துக்கு வந்துவிட்ட காலத்தில் ஈட்டி வேட்டையை நடத்திக் காட்டினார்கள். ஆகவே நான்காம் வாரத்துக் கேள்வி: எதைச் சேர்த்தார்கள், எதை விட்டார்கள், எதன் பக்கத்தில் எதை வைத்தார்கள்?

கோப்பதே கலை என்பதற்குத் தமிழில் பெரிய முன்னோடி ஏ.கே. செட்டியார். காந்தியைப் பல நாடுகளில் பலர் பல காலம் படம் பிடித்திருந்தார்கள். அந்தத் துண்டுகளைத் தேடிக் கண்டம் கண்டமாக அலைந்து சேர்த்து, 1940இல் தமிழ் விளக்கவுரையோடு வெளியிட்டார். அந்த அலைச்சலை அவரே எழுதியிருக்கிறார். ‘அண்ணல் அடிச்சுவட்டில்’ என்று புத்தகமாகவே கிடைக்கிறது. பட்வர்தனின் ‘ஜெய் பீம் காம்ரேட்’ (2011) இன்னொரு வகைப் பொறுமை. 1997இல் மும்பை ரமாபாய் நகரில் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் 10 பேர் செத்தார்கள். அதைத் தாங்காமல் பாடகர் விலாஸ் கோக்ரே தூக்கு மாட்டிக்கொண்டார். முன்பு பட்வர்தனின் படத்தில் பாடியவர் அவர். அங்கே தொடங்கிய படப்பிடிப்பு முடிய 14 ஆண்டு ஆனது. மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும் அந்தப் படத்தில் பாட்டுக்கும் வழக்குக்கும் நடுவே எங்கெங்கே வெட்டு விழுகிறது என்று குறித்துக்கொண்டே பாருங்கள். பட்வர்தன் தன் வாதத்தை அந்த வெட்டுகளில்தான் வைத்திருக்கிறார்.

விளக்கு போட்ட பிறகு

திரையிடல் முடிந்ததும் இயக்குநர் முன்னால் வந்து உட்காருவார். மைக் கைக்கு வந்ததும் கால் மணி நேரம் சொந்தப் பிரசங்கம் செய்வது சென்னைக் கலந்துரையாடல்களின் தீராத வியாதி. ‘நீங்கள் சொல்ல வந்தது என்ன?’ என்று கேட்டால் பொதுப்படையான பதிலே கிடைக்கும். குறிப்பிட்ட ஒரு காட்சியைச் சொல்லிக் கேளுங்கள்: அந்த இடத்தில் கேமராவை ஏன் வாசலிலேயே நிறுத்தினீர்கள்? படத்தில் வருகிறவர் உங்களைப் படம் எடுக்க அனுமதித்தது எப்படி? எடுத்ததில் எதைத் தூக்கிப் போட மனம் வரவில்லை? இப்படிக் கேட்டால் இயக்குநரும் நிமிர்ந்து உட்காருவார். படம் பிடிக்கவில்லை என்றாலும் தைரியமாகச் சொல்லலாம். எந்த இடத்தில் பிடி விட்டுப்போனது என்பதையும் சேர்த்துச் சொன்னால் அது அவருக்கும் உபயோகம்.

கடைசியாக, காசு விஷயம். 1960இல் இடதுசாரி நண்பர்கள் பணம் போட்டு நிமாய் கோஷ் இயக்கத்தில் ‘பாதை தெரியுது பார்’ வந்தது. 1965இல் ஜெயகாந்தன் ‘உன்னைப்போல் ஒருவன்’ எடுத்து மத்திய அரசின் விருதும் வாங்கினார். இரண்டுக்கும் தியேட்டர்தான் சரியாகக் கிடைக்கவில்லை. ஜான் ஆபிரகாமின் ‘அக்ரகாரத்தில் கழுதை’ (1977) தேசிய விருது வாங்கியும், தூர்தர்ஷன் அதை ஒளிபரப்புவதாக அறிவித்துவிட்டுப் பின்வாங்கியது. அதே ஜான், கேரளத்தில் ‘ஒடெஸா’ நண்பர்களோடு ஊர் ஊராகப் படம் போட்டுக் காட்டி, ஜனங்களிடம் வசூலித்த பணத்தில் ‘அம்ம அறியான்’ (1986) எடுத்தார். இந்த வகைச் சினிமாவில் பார்வையாளர் எப்போதும் பாதித் தயாரிப்பாளர். அனுமதி இலவசம் என்று போட்டிருந்தாலும் வாசலில் இருக்கும் நன்கொடைப் பெட்டியில் ஒரு மல்டிபிளெக்ஸ் டிக்கெட் விலையைப் போடுங்கள். டிக்கெட் இருந்தால் வாங்குங்கள். அடுத்த வாரம் வரும்போது, இருபதாவது நிமிடத்தில் போனை எடுக்கும் நண்பர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். போகிற வழியில் அவருக்கு முதல் கேள்வியை மட்டும் சொல்லிக்கொடுங்கள்.