மோசேயின் ஒழுகும் குடம்

கெய்ரோவுக்கு வடமேற்கே உள்ள வாடி நட்ரூன் பள்ளத்தாக்குக்கு அந்நாளில் ஸ்கேத்திஸ் என்று பெயர். கி.பி. 330 வாக்கில் மக்காரியுஸ் அங்கே போய்த் தங்கினார். அவரைத் தேடிப் பலர் போக, அந்த மணல்வெளி துறவிகளின் ஊராயிற்று. பேரீச்ச ஓலையில் கூடை முடைவார்கள், கயிறு திரிப்பார்கள். வாரநாட்களில் தனித்தனிக் குடில். சனி ஞாயிறில் கோயிலில் கூட்டம். அவர்களைப் பற்றி வாய்வழி வந்த கதைகளைப் பிற்காலத்தில் கிரேக்கத்தில் தொகுத்து வைத்தார்கள். பல கதைகள் பத்து வரியைத் தாண்டுவதில்லை. அந்தப் பத்து வரிக்குள் இருக்கும் நுட்பத்தைத்தான் சொல்ல வந்தேன்.

மோசே என்று ஒருவர். முன்பு அடிமை, பிறகு கொள்ளைக்கூட்டத் தலைவன், கடைசியில் ஸ்கேத்திஸ் துறவி. அங்கே ஒரு சகோதரன் தவறு செய்துவிட, விசாரிக்கப் பெரியவர்கள் கூடினார்கள். மோசேக்கு ஆள் போயிற்று, அவர் வரவில்லை. எல்லாரும் காத்திருக்கிறார்கள் என்று குருவானவர் சொல்லி அனுப்பிய பிறகே எழுந்தார். ஓட்டைக் குடம் ஒன்றில் தண்ணீரை நிரப்பித் தூக்கிக்கொண்டு நடந்தார். எதிர்கொண்டு வந்தவர்கள் இதென்ன என்று கேட்டார்கள். தன் பாவங்கள் தனக்குப் பின்னால் ஒழுகிக்கொண்டே வருகின்றன, தான் அவற்றைப் பார்ப்பதில்லை, இந்த நிலையில் இன்னொருவன் குற்றத்தைத் தீர்க்க வந்திருப்பதாகச் சொன்னார். அவர்கள் மேற்கொண்டு பேசாமல் அந்தச் சகோதரனை மன்னித்தார்கள்.

அந்தச் சகோதரன் என்ன தவறு செய்தான்? கதை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நாமும் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்து, இது பெரிதா சிறிதா என்று எடைபோட ஆரம்பித்திருப்போம். அவன் பெயரையும் மறைத்துவிட்டார்கள். மன்னித்தது மோசேயின் காலத்துப் பெரியவர்கள் மட்டுமல்ல, கதையை எழுதி வைத்தவரும்தான்.

ஏன் தண்ணீர்? பல்லாதியுஸ் என்பவர் 420 வாக்கில் எழுதிய நூலில் இதே மோசேயைப் பற்றி ஒரு செய்தி வருகிறது. வயதான துறவிகளின் குடில்களுக்கு இரவில் போவாராம். அவர்களுக்குத் தெரியாமல் குடங்களை எடுத்துப் போய்த் தண்ணீர் நிரப்பி வைத்துவிடுவாராம். கிணறோ சிலருக்கு மைல் கணக்கில் தூரம். பிறர் குடங்களை இருட்டில் நிரப்பிய கை, தன் பாவத்தைக் காட்டப் பகலில் ஒழுகும் குடத்தைத் தூக்குகிறது. இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது எனக்கு நெஞ்சு நெகிழ்கிறது. அந்தப் பாலையில் ஒரு குடம் தண்ணீரின் பாரம் அவருக்குத் தெரியாததல்ல.

இதே கருத்தில் பியோர் என்ற துறவியின் கதையும் உண்டு. பெரிய மணல் மூட்டையை முதுகிலும் சிறு பையில் கொஞ்சம் மணலை முன்னாலும் சுமந்து வருவார். முதுகில் இருப்பது தன் குற்றம், முன்னால் இருப்பது சகோதரனின் குற்றம். நல்ல கதைதான். ஆனால் மணல் மூட்டை முடிச்சுப் போட்டு முடிந்துவிட்ட கணக்கு. மோசேயின் குடமோ அவர் பேசிக்கொண்டிருக்கும்போதும் ஒழுகுகிறது. பழைய கொள்ளைக்காரன் தன் பழைய பாவங்களை மட்டும் சொல்லவில்லை, இன்றைய பாவத்தையும் சேர்த்தே சொல்கிறார். என் தராசில் மோசே கதையே உயர்ந்தது.

ஜெபத்தைப் பற்றிய கதை ஒன்றிலும் முதுகுப்புறம்தான் முக்கியம். அர்சேனியுஸ், பேரரசன் தியோடோசியுஸின் பிள்ளைகளுக்கு ஆசிரியராக இருந்தவர் என்று மரபு சொல்கிறது. அரண்மனையை விட்டு ஸ்கேத்திஸுக்கு வந்தவர். சனிக்கிழமை மாலை, சாய்கிற சூரியனுக்கு முதுகு காட்டி நின்று, கைகளை வானத்துக்கு விரிப்பாராம். சூரியன் மறுபடி அவர் முகத்தில் அடிக்கும்வரை அப்படியே நிற்பாராம். பிறகு உட்கார்ந்துகொள்வாராம். கதை அவ்வளவே. என்ன கேட்டார், அழுதாரா, ஏதும் தரிசனம் கண்டாரா என்ற பேச்சே கிடையாது. முழு இரவு நின்றார் என்றுகூடச் சொல்லவில்லை. சூரியன் ஒரு பக்கம் மறைந்து மறுபக்கம் வருவதை மட்டும் காட்டுகிறார்கள். அவர் திரும்பவே இல்லை. முதுகுக்குப் பின்னால் போன வெளிச்சம் தானாக முகத்துக்கு வந்து சேர்கிறது. விசுவாசத்துக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது. கடைசியில் அவர் உட்கார்ந்ததையும் மறக்காமல் எழுதினார்களே, அது பேரழகு: கால் வலித்த மனிதர்தான் அவர்.

மனந்திரும்புதலைப் பற்றியும் ஒரு கதை உண்டு. சிசோயெஸ் என்ற முதியவர் சாகும் தறுவாயில் முகம் ஒளிர, யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். தேவதூதர்கள் அழைத்துப்போக வந்திருப்பதாகவும், மனந்திரும்ப இன்னும் கொஞ்சம் அவகாசம் கேட்பதாகவும் சொன்னார். உங்களுக்கு எதற்கு என்று சுற்றி இருந்தவர்கள் கேட்க, தான் அதைத் தொடங்கினதாகவே தெரியவில்லை என்றார்.

இந்தக் கதைகள் கைக்குக் கிடைத்தால் விளக்கவுரையைப் பிறகு படியுங்கள். யார் எந்தத் திசை பார்த்து நிற்கிறார், கையில் என்ன வைத்திருக்கிறார் என்று முதலில் பாருங்கள். ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம்.