பனங்கை வீட்டை வாசித்தல்

மண்வீட்டின் குளிர்ச்சியைப் பற்றி நம் சூழலில் எழுதப்படுகிற கட்டுரைகளை வாசிக்கும்போதெல்லாம் எனக்கொரு சந்தேகம் வரும். இவர்களில் யாராவது ஐப்பசி மாசத்து ராத்திரியில் எழுந்து, ஒழுகுகிற இடம் பார்த்துக் குண்டான் நகர்த்தி வைத்திருப்பார்களா? தன் வீட்டைத் தானே கட்டிக்கொள்ளும் குடும்பம் என்பது இன்று ஒரு லட்சியப் படிமமாகிவிட்டது. நகரத்தில் சம்பாதித்து அலுத்தவர்கள் நிலம் வாங்கி, மண் குழைத்து, பழைய மரம் தேடிக் கட்டுகிறார்கள். கட்டட்டும், அதில் எனக்கொன்றும் வருத்தமில்லை. என் கேள்வி வேறு. அதே மண்ணும் அதே மரமும் ஒருவர் கையில் 'வாழ்க்கைமுறை' என்றும் இன்னொருவர் கையில் 'குடிசை' என்றும் பெயர் பெறுவது எப்படி? அந்தப் பெயரை வைக்கும் அதிகாரம் எங்கிருந்து வருகிறது?

இந்தப் படிமத்துக்கு மூலப்பிரதி என்று ஒன்றைக் காட்ட வேண்டுமானால் தோரோவின் 'வால்டன்' (1854) நூலைத்தான் காட்ட வேண்டும். 1845 மார்ச்சில் ஒரு கோடாலியை இரவல் வாங்கிக்கொண்டு அவர் குளக்கரைக்குப் போகிறார். பைன் மரங்களை வெட்டுகிறார், சட்டங்களைச் செதுக்குகிறார், ஜூலை 4 அன்று குடிபுகுகிறார். பத்தடிக்குப் பதினைந்தடி வீடு. ஆன செலவு 28 டாலர் சொச்சம், கணக்கு காசு சுத்தமாக இருக்கிறது. எம்.ஏ. தமிழ் படித்துக்கொண்டிருந்தபோது இதை வாசித்துவிட்டு, தற்சார்பு என்றெல்லாம் சொல்லி ஒரு கட்டுரை எழுதினேன். துறையில் பாராட்டினார்கள்.

அந்தக் கட்டுரையில் ஒரு குடும்பம் இல்லை. சுவருக்குப் பலகை வேண்டி தோரோ ஒரு குடிசையை விலைக்கு வாங்கிப் பிரித்தார். அது ரயில் பாதையில் வேலை செய்த ஜேம்ஸ் காலின்ஸ் என்ற அயர்லாந்துக் கூலியின் குடிசை. விலை நாலே கால் டாலர். விற்ற மறுநாள் விடிகாலையில் காலின்ஸ் குடும்பம் ஒரே மூட்டையாகக் கட்டிக்கொண்டு வழியில் எதிர்ப்படுகிறது. அந்த மூட்டைக்குள் படுக்கை, காப்பி அரைக்கும் எந்திரம், கண்ணாடி, கோழிகள் எல்லாம் அடக்கம். பூனை மட்டும் காட்டுக்குள் ஓடிவிட்டது. தோரோ இதை மறைக்கவில்லை, அவரேதான் எழுதுகிறார். பூனையின் முடிவைக்கூடச் சொல்கிறார். அந்தக் குடும்பம் எங்கே போனது என்பதை மட்டும் பிரதி சொல்வதில்லை. அவர் வீடு எழுப்பிய நிலமும் அவருடையதல்ல, நண்பர் எமர்சனுடையது. வார்த்தையால் கிடைத்த அனுமதி போதுமானதாக இருந்தது. நம்ம ஊர் பாஷையில் அது ஆட்சேபணையற்ற குடியிருப்பு.

முதல் வாசிப்பில் இந்தப் பக்கத்தை நான் தாண்டிப் போனேன். இத்தனைக்கும் அது என் வீட்டுக் கதை.

கூரம், காஞ்சிபுரத்துக்கு வடமேற்கே இருக்கிற ஊர். நாங்கள் காலனி. 1997இல், எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது, ஏரிக்கரையை ஒட்டிய புறம்போக்கில் எங்கள் வீட்டைக் கட்டினோம். அப்பாவும் பெரியப்பாவும் ஒருத்தர் வரப்பிலிருந்து கிழப்பனை இரண்டை விலை பேசினார்கள். மூன்று மரம் காட்டினார். அப்பா கோடாலியின் பின்பக்கத்தால் ஒவ்வொன்றையும் தட்டிக் கேட்டுவிட்டு ஒன்றை வேண்டாம் என்றுவிட்டார். பனையில் வெளிப்பக்கம்தான் வைரம், உள்ளே வெறும் சோறு. வயசான மரத்தில் வைரம் கனத்திருக்கும், கறுப்பு நார் இறுகியிருக்கும், கறையான் சுலபத்தில் அண்டாது. வெட்டிச் சாய்த்து, ஆப்பு வைத்து இரண்டாகப் பிளந்து, பிறகு நாலாக்கி, சோற்றைச் செதுக்கித் தள்ளினால் பனங்கை. அதுதான் கூரையைத் தாங்கியது. ஓலையும் பனை, கட்டின நாரும் பனைமட்டையில் உரித்ததுதான். ஆணி என்று பார்த்தால் வாசக்கதவில் மட்டும் இருந்தது.

சுவர் அம்மாவும் அத்தையும். ஏரி வண்டலும் செம்மண்ணும் நறுக்கின வைக்கோலும் போட்டு மிதித்து, ராத்திரி முழுக்கப் புளிக்க விடுவார்கள். ஒரு முழ உயரம் எழுப்பினால் நாலு நாள் காய வேண்டும். அம்மா கட்டை விரலால் அமுக்கிப் பார்ப்பார். அமுங்கினால் மேலே வைக்கக் கூடாது. பகலில் எல்லோருக்கும் கூலி வேலை, ஆகவே சுவர் வளர்ந்தது பெரும்பாலும் நிலா வெளிச்சத்தில்தான். நானும் அக்காவும் தண்ணி சுமந்தோம். வீட்டைக் கட்டியது யார் என்று கேட்டால் ஊரில் எல்லோரும் அப்பா பெயரைச் சொல்வார்கள். அம்மாவும் அப்படித்தான் சொல்வார். 'கட்டினார்' என்ற வினைமுற்று கூரை போட்டவரை எழுவாயாக்குகிறது, சுவர் வைத்தவரை விட்டுவிடுகிறது.

லெவி-ஸ்ட்ராஸ் (1962) பொறியாளனையும், கைவசம் கிடைத்ததை வைத்து ஒப்பேற்றுகிறவனையும் இரண்டு அறிதல் முறைகளாக எதிர்நிறுத்தினார். நம் கோட்பாட்டாளர்கள் சிலருக்கு நாட்டுப்புறக் கட்டுமானம் என்றதும் இந்த இரண்டாமவன் நினைவுக்கு வந்துவிடுவான். எனக்கு அது முழுசாகப் பொருந்தவில்லை. கைக்குக் கிடைத்ததை அப்படியே எடுத்துக்கொள்கிறவர் மூன்றாவது மரத்தை ஏன் வேண்டாம் என்று சொல்கிறார்? தேர்வும் நிராகரிப்பும் சோதனையும் இருக்கிற இடத்தை 'ஒப்பேற்றல்' என்பது, கொஞ்சம் மரியாதையாகச் சொல்லப்பட்ட 'குடிசை' மாதிரிதான் படுகிறது.

இனி நம்முடைய பிரதிகளுக்கு வருவோம். தமிழ் படித்தவன் முதலில் போகிற இடம் பெரும்பாணாற்றுப்படை. எங்கள் தொண்டை நாட்டுப் பாட்டு, காஞ்சியில் ஆண்ட இளந்திரையனைப் பற்றியது. எயினர் குரம்பை ஈந்தின் இலை வேய்ந்து முள்ளம்பன்றி முதுகுபோல் இருக்கிறது என்கிறார் உருத்திரங்கண்ணனார். வகுப்பில் இந்த உவமையை ரசித்தோம். பாட்டின் அமைப்பைக் கவனித்தால் இன்னொன்று தெரிகிறது. பாணன் குடில் குடிலாகக் கடந்து அரண்மனைக்குப் போகிறான். ஒவ்வொரு குடிலும் அவனுக்குச் சோறு போடுகிறது, பாட்டின் பரிசு என்னவோ கடைசியில் நிற்கிற மன்னனுக்கு. குடில் வழியில் இருக்கிறது, இலக்காக இருப்பதில்லை. இருந்தாலும் உருத்திரங்கண்ணனார் நின்று பார்த்தார். என்ன இலை வேய்ந்தது என்று எழுதினார். பின்னால் வந்த சாசனங்கள் அந்த அளவுக்குக்கூட நின்று பார்க்கவில்லை.

கூரம் என்றதும் வரலாற்று மாணவர்கள் சொல்வது முதலாம் பரமேசுவரவர்மனின் செப்பேடு. 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஹுல்ஷ் படித்து, 1890இல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் வெளியானது. எங்கள் ஊர்ச் சிவன்கோயில் பற்றியது. கோயில் எழுப்பச் சூளை போட நிலம் விலைக்கு வாங்கிய செய்தி அதில் வருகிறது. மண்டபத்தில் பாரதம் படிக்க ஒரு பங்கு ஒதுக்கியதும் வருகிறது. பாரதம் படிக்கிறவருக்குப் பங்கு உண்டு. அந்த மண்ணைக் குழைத்துச் சுட்டவர்கள் யார் என்கிற கேள்வி அந்தப் பிரதிக்கு எழவில்லை, எழ வேண்டிய தேவையும் அதற்கு இல்லை. 'எடுப்பித்தான்' என்கிற பிறவினை நம் சாசன மொழியின் முதுகெலும்பு. இலக்கண வகுப்பில் அதைத் தன்வினைக்கு எதிர் என்று படித்தோம். தன்வினைக்காரர்களை வாக்கியத்திலிருந்து வெளியேற்றுவதற்கான உத்தி என்று அங்கே யாரும் சொல்லவில்லை.

காஞ்சியிலிருந்து தெற்கே போனால் உத்திரமேரூர். முதலாம் பராந்தகன் காலத்து (919, 921) குடவோலைக் கல்வெட்டுகள் பற்றிச் சொல்லத் தேவையில்லை. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோதும் பிரதமர் அவற்றைச் சொன்னார். அந்தச் சபையின் வாரியத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட யாருக்குத் தகுதி? கால்வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் வயது, வேதக் கல்வி. இவற்றோடு இன்னொன்றும் உண்டு: தன் சொந்த மனையில் வீடு எடுத்துக்கொண்டு இருக்க வேண்டும். ஜனநாயகத்தின் தொன்மை என்று பேசுகிறவர்கள் இந்த நிபந்தனையின் மேல் நிற்பதில்லை. பிராமணச் சபையின் விதி, காலம் வேறு என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வீடு, மனை, பெயர் மூன்றும் ஒரே வாக்கியத்தில் முடிச்சிடப்பட்டிருப்பதைப் பாருங்கள். மனை இருப்பவன் எடுத்ததுதான் அகம். மனை இல்லாதவர் தன் கையாலேயே நாலு சுவர் எழுப்பினாலும் அந்த வாக்கியத்தில் அதற்குப் பெயர் கிடையாது.

மேற்கே மட்டும் இது வேறு மாதிரியா என்றால், இல்லை. 1840 அமெரிக்கத் தேர்தலில் ஹாரிசனை உருட்டுமரக் குடிசையின் வேட்பாளர் என்று ஊர் ஊராகக் காட்டினார்கள். அவர் பிறந்தது வர்ஜீனியாவில் அடிமைகள் உழைத்த பண்ணையின் மாளிகையில். லிங்கன் உண்மையிலேயே மரக்குடிசையில் பிறந்தவர். கென்டக்கியில் 1911இல் திறக்கப்பட்ட நினைவுமண்டபத்துக்குள் ஒரு மரக்குடிசையை வைத்திருக்கிறார்கள், அது அவர் பிறந்த குடிசை அல்ல, அடையாளத்துக்கு வைத்தது. ஜனாதிபதி ஆனவனின் குடிசைக்கு மேலே கல்மண்டபம். ஆகாதவர்களின் குடிசைகள் அந்த நாட்டிலும் விறகாகத்தான் போயிருக்கும்.

2007இல் தமிழ்நாட்டில் ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் சட்டம் வந்தது. ஏரி காக்கப்பட வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை, அந்த ஏரித் தண்ணியில்தான் எங்கள் சுவரே குழைந்தது. ஆனால் அதன்பிறகு எங்கள் வீட்டுக்குக் காகிதத்தில் கிடைத்த பெயர் 'ஆட்சேபணைக்குரிய ஆக்கிரமிப்பு'. பத்து வருஷம் மனு, அலைச்சல், ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசை. 2017இல் வேறிடத்தில் மனைப்பட்டா கிடைத்தது. அப்பா அப்போது இல்லை. வீட்டை நாங்களே பிரித்தோம். பனங்கை ஒன்றுகூட இற்றுப்போயிருக்கவில்லை. தலையில் சுமந்துகொண்டு புது மனைக்குப் போனபோதுதான், படித்து மறந்த காலின்ஸ் குடும்பத்தின் மூட்டை எனக்கு ஞாபகம் வந்தது.

இந்த இடத்தில் என் வாசிப்பு எனக்கு வசதியாக முடிந்திருக்கும். அரசு, பட்டா, அதிகாரம், விளிம்பு என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம். அம்மா விடவில்லை. பிரதம மந்திரி வீட்டுத் திட்டத்தில் அம்மா பெயருக்கு 2018இல் வீடு ஒதுக்கினார்கள். குறைந்தது 269 சதுர அடி, கான்கிரீட் தளம். மண் சுவர் எவ்வளவு குளிர்ச்சி, சிமெண்டு எப்படிச் சுடும் என்று நான் பேச ஆரம்பித்தேன்.

"இன்னாடா பேசுற நீ? ஒவ்வொரு வருஷமும் ஓலை மாத்துனது நீயா? உங்கப்பனுக்கு அப்புறம் கூரை மேல ஏற ஆளு ஏது? எனுக்கு ஒழுவாத வூடு வேணும், அவ்ளோதான்."

பதில் இல்லை. மண்வீட்டை வாழ்த்துகிற சொல்லாடல் பராமரிப்பை மறந்துவிடுகிறது. கட்டுவது ஒரு தடவை, மெழுகுவதும் வேய்வதும் ஆயுசு முழுக்க. அந்த உழைப்பு யார் தலையில் விழுந்தது என்பதை அம்மா சொல்லித்தான் நான் கேட்டேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தத் திட்டத்தில் வீட்டுக்காரர் தன் வீட்டு வேலைக்கு ஊரக வேலைத் திட்டத்தின் கீழ் 90 நாள் கூலி பெறலாம். கடக்கால் தோண்டினதற்கும் மண் சுமந்ததற்கும் அம்மா பெயரில் நாள் குறித்துக் காசு வந்தது. 1997இல் நாற்பது ராத்திரி சுவர் வைத்ததற்கு எந்த ஏட்டிலும் அவர் பெயர் இல்லை. 2018இல் இருக்கிறது. அரசின் காகிதம், செப்பேடும் கல்வெட்டும் நானும் செய்யாததைச் செய்திருக்கிறது. அதே காகிதத்தின் மேற்பகுதியில் அம்மாவுக்கு இட்ட பெயர் 'பயனாளி'. கட்டுகிறவரையும் பெற்றுக்கொள்கிறவராகவே அந்தச் சொல் நிறுத்துகிறது. 90 நாள் கூலியையும் 'பயனாளி'யையும் ஒரே தாளில் வைத்துப் படிக்க வேண்டியிருக்கிறது. ஒன்றை அடித்துவிட்டு மற்றதை மட்டும் படிப்பது எனக்கு நேர்மையாகப் படவில்லை.

2024இல் தொடங்கிய கலைஞர் கனவு இல்லத் திட்டத்தின் இலக்கு 2030க்குள் குடிசையில்லாத் தமிழ்நாடு. வீட்டுக்கு மூன்றரை லட்சம், 360 சதுர அடி. வரட்டும், ஒழுகாத வீடு எல்லோருக்கும் வரட்டும். அதோடு, பனையைத் தட்டிக் கேட்கிற காதும், சுவரின் ஈரம் தெரிந்த கட்டை விரலும் எந்தப் பதிவேட்டிலும் ஏறாமல் போய்விடும் என்பதையும் எழுதி வைக்கத்தான் வேண்டும். 2021லிருந்து பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும். நல்ல முடிவுதான், அப்பாவும் ஒத்துக்கொண்டிருப்பார். இனிமேல் யாரும் பனங்கை போட்டு வீடு கட்டப் போவதில்லை.

எங்கள் பனங்கைகளில் இரண்டு, புது வீட்டு வாசலில் உட்காரும் திட்டாகக் கிடக்கின்றன. மிச்சம் பின்பக்கத்து ஆட்டுக் கொட்டகைக்குப் போயின. அம்மாவே நாலு கால் நட்டு, அக்கா மகனை மேலே ஏற்றி ஓலை போட்டார். போன வருஷம் கணக்கெடுக்க வந்த ஒரு பையன் அதைப் பார்த்துவிட்டு, "ஆயா, இது குடிசைங்களா?" என்று கேட்டான். "கொட்டாய்" என்றார் அம்மா. குடிசைக்கு அவன் தாளில் ஒரு கட்டம் இருந்தது, கொட்டாய்க்கு இல்லை. தண்ணி வாங்கிக் குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனான்.